தீவனத்தைப் புளிக்க வச்சா பாதி செலவு மிச்சமா? நாட்டுக்கோழிப் பண்ணையின் நிஜக் கணக்கு



சில மாதமா ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில வந்துக்கிட்டே இருக்கு. "கோழித் தீவனத்தைத் தண்ணியில ஊற வச்சு, ரெண்டு நாள் புளிக்க விட்டுக் கொடுத்தா தீவனச் செலவு பாதியாகும்னு சொல்றாங்க. அதை நம்பி 6 லட்சம் லோன் போட்டு நாட்டுக்கோழி ஷெட் கட்டலாமா?" இதுதான் அந்தக் கேள்வி.

நான் கால்நடை மருத்துவர் கிடையாது. கணக்குப் பார்க்கிறவன். ஆனா இந்தக் கேள்வியில பாதி கோழியைப் பத்தினது, மீதிப் பாதி அந்த 6 லட்சத்தைப் பத்தினது. "பாதி செலவு மிச்சம்" உண்மையா இருந்தா அந்த லோன் தாங்கும். உண்மை இல்லைன்னா தாங்காது. ஒரே ஒரு எண்தான் உங்க தவணையைத் தீர்மானிக்குது. அதனால அந்த எண்ணைப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல ஒரு கூட்டத்தை வழியனுப்பி வச்சிடுறேன். பல்லடம், திருப்பூர், உடுமலைப் பக்கம் கம்பெனிக்கு ஒப்பந்தத்துல பிராய்லர் வளர்க்கிறவங்க இந்தக் கட்டுரையைப் படிச்சு எதையும் மாத்த வேண்டாம். குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, மருந்தும் அவங்களோடது. உங்களோடது ஷெட், கரண்ட், மஞ்சி, உழைப்பு. உங்களுக்கு வர்றது கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. அதுவும் எஃப்.சி.ஆர். பார்த்துக் கூடும், குறையும். அவங்க குடுத்த குருணைத் தீவனத்தை நீங்க தண்ணியில கரைச்சா மிச்சம் வந்தாலும் அது உங்களுக்கு வராது, எடை குறைஞ்சா மட்டும் உங்க கூலியில கைவைப்பாங்க. 40 நாள் சுமாருக்கு 2 கிலோவைத் தாண்டுற பிராய்லருக்கு, கிலோ எடைக்கு 1.6 கிலோ அளவுல தீவனம் போதும்ங்கிற நிலைக்கு அந்தத் துறை ஏற்கெனவே வந்தாச்சு. டிரம்முல அதுக்கு மேல பிடுங்க பெருசா ஒண்ணும் இல்ல.

இந்தக் கணக்கு, சொந்தமா குஞ்சு வாங்கி, சொந்தமாத் தீவனம் வாங்கி, சொந்தமா விக்கிற ஆளுக்கு. நாட்டுக்கோழிக் கலப்பினம், மூணு மாசத்துக்கு மேல வளர்ப்பு, கறிக்கு விற்பனை. இங்கதான் தீவனம் ஆளை முழுங்குது.

முதல்ல புளிக்க வைக்காத கணக்கு

500 குஞ்சு ஒரு பேட்ச்னு வச்சுக்குவோம். கீழே நான் போடுற விலையெல்லாம் கணக்குப் புரியறதுக்காக எடுத்துக்கிட்ட எண்கள். உங்க ஊர்ல குஞ்சு என்ன விலை, மூட்டை என்ன விலைன்னு மாத்திப் போட்டுக்குங்க. முறை மாறாது.

குஞ்சு ஒண்ணு 40 ரூபாய், 500-க்கு 20,000. இறப்பு 8 சதவீதம், அதாவது 40 போச்சு, 460 விற்பனைக்கு. 100 நாள்ல சராசரி உயிர் எடை 1.4 கிலோ. மொத்தம் 644 கிலோ. ஒரு கிலோ உயிர் எடைக்கு 3.2 கிலோ தீவனம்னு எடுத்தா சுமார் 2,060 கிலோ. 50 கிலோ மூட்டைக்கு 41 மூட்டை. கிலோ 35 ரூபாய்னா 72,100. தடுப்பூசி, மருந்து 4,000. புரூடிங் பல்பு, கரண்ட், மஞ்சி 5,000. வண்டி வாடகை, சில்லறைச் செலவு 3,000.

மொத்தச் செலவு 1,04,100. கிலோவுக்குப் பார்த்தா 161 ரூபாய் 60 பைசா. பண்ணையில கிலோ 200-க்குக் குடுத்தா வரவு 1,28,800. மிச்சம் 24,700.

இதுல உங்க உழைப்புக்குக் கூலி போடல, ஷெட் தேய்மானம் போடல, வட்டி போடல. செலவுல தீவனம் மட்டும் 69 சதவீதம். அதனாலதான் தீவனத்தைக் குறைக்கிறேன்னு யாராவது சொன்னா நம்ம காது நிமிருது. தப்பில்ல. குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, "பாதி மிச்சம்" கணக்கை இதுல ஏத்துவோம். தீவனம் 36,050 ஆகிடும். லாபம் 24,700-லேருந்து 60,750-க்குப் போயிடும். இரண்டரை மடங்கு. வருஷம் மூணு பேட்ச் எடுத்தா 1,82,250. 6 லட்சம் லோனுக்கு 12 சதவீத வட்டியில 5 வருஷத் தவணை மாசம் 13,347, வருஷத்துக்கு 1,60,164. அப்ப தவணை கட்டியும் கையில நிக்குது. காகிதத்துல அழகா இருக்கு இல்லையா? லோன் கேட்கிறவங்க எல்லாரும் மனசுல ஓட்டுற கணக்கு இதுதான்.

மூட்டை எங்க மிச்சமாச்சு?

புளிக்க வைக்கிறதுன்னா என்னன்னு தமிழ்நாட்டுல யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்ல. இட்லி மாவு எப்படிப் புளிக்குதோ அப்படித்தான். தானியத்துலயே ஒட்டியிருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியா தண்ணி கிடைச்சதும் பெருகும், மாவுச்சத்துல கொஞ்சத்தைத் தின்னு அமிலமா மாத்தும். புளிப்பு ஏறும். கெட்ட கிருமிக்கு அந்தப் புளிப்பு பிடிக்காது.

இப்ப கவனிங்க. மாவு புளிச்சுப் பொங்குது. பாத்திரம் நிறையுது. அதுக்காக ஒரு படி அரிசி ரெண்டு படி அரிசியாகிடுமா? அதே ஒரு படி அரிசிதான் உள்ள இருக்கு. சொல்லப்போனா கிருமி தின்னது போகக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும், அது காத்தாப் போயிடுது.

50 கிலோ மூட்டைக்கு ஒண்ணரை மடங்கு தண்ணி, 75 லிட்டர் ஊத்துறீங்க. டிரம்முல 125 கிலோ நிக்குது. கோழிக்கு வேணுங்கிறது அந்த 50 கிலோவுக்குள்ள இருக்கிற சத்துதான். 75 லிட்டர் தண்ணி குழாய்ல வர்ற தண்ணிதான். பெரிய கோழி ஒரு நாளைக்கு 80 கிராம் உலர் தீவனம் தின்னா, புளிச்சதுல 200 கிராம் தின்னாத்தான் அதே 80 கிராம் உள்ள போகும்.

பக்கெட் கணக்குல அளக்கிறவங்க இங்கதான் ஏமாறுறாங்க. ஒரு பக்கெட் உலர் தீவனம் சுமார் 12 கிலோ பிடிக்கும்னு வச்சுக்கங்க. அதே பக்கெட் புளிச்ச தீவனம் 20 கிலோ கனக்கும். ஆனா உள்ள உலர் தீவனம் 8 கிலோதான். "நேத்து மூணு பக்கெட், இன்னிக்கும் மூணு பக்கெட், ஆனா மூட்டை மெதுவாக் காலியாகுது"ன்னு சந்தோஷப்படுறோம். உண்மையில கோழிக்கு மூணுல ஒரு பங்கு குறைச்சுப் போட்டிருக்கோம். பட்டினி 15 நாள் கழிச்சு எடையில தெரியும். அப்ப "குஞ்சு சரியில்ல"ன்னு ஹேச்சரிக்காரரைத் திட்டுவோம்.

வீடியோவுல வர்ற "பாதி மிச்சம்" வேற வழியிலயும் பிறக்குது. ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்புல கோழி மேயுது. புழு, கரையான், கீரை எல்லாம் தின்னுது. மிச்சத்துக்குக் காரணம் தோப்பு, பேர் டிரம்முக்கு. இன்னொருத்தர் சொந்தக் காட்டுல விளைஞ்ச மக்காச்சோளத்தைப் போடுறார், அதுக்கு விலையே எழுதுறதில்ல. அந்தச் சோளத்தை வியாபாரிகிட்டப் போட்டிருந்தா என்ன காசு வந்திருக்குமோ, அதுதான் அந்தத் தீவனத்தோட விலை. வீட்டம்மா காலையிலயும் சாயங்காலமும் டிரம் கிளறி, தொட்டி கழுவுறாங்க. அதுவும் எந்த வரியிலயும் இல்ல. வீட்டு ஆள் உழைப்பை பூஜ்யம்னு எழுதுற கணக்குல எந்தத் தொழிலும் லாபமாத்தான் தெரியும்.

அப்ப பிரயோஜனமே இல்லையா?

இருக்கு. அதையும் நேர்மையாச் சொல்லணும்.

முதல் பலன், சிந்தல் குறையுறது. மாவுத் தீவனத்துல கோழி பெரிய பருக்கையைப் பொறுக்கித் தின்னுட்டு, மீதியைக் காலால கிளறி மஞ்சியில தள்ளும். புளிச்ச தீவனம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், பொறுக்க முடியாது, தூசியாப் பறக்காது. உங்க பண்ணையில இப்ப சிந்தல் அதிகம்னா மிச்சமும் அதிகமாத் தெரியும். ஏற்கெனவே நல்ல தொட்டி வச்சு, முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தா இந்தப் பலன் கொஞ்சம்தான்.

ரெண்டாவது, செரிமானம். தானியத்துலயும் தவிட்டுலயும் பாஸ்பரஸ் ஃபைட்டேட்ங்கிற பூட்டுக்குள்ள கிடக்கு. கோழியால அதைச் சரியாத் திறக்க முடியாது. ஊறிப் புளிக்கும்போது தானியத்துல இருக்கிற நொதியே அந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்துவிடும்.

மூணாவது, குடல். நெதர்லாந்துல 2000-களோட ஆரம்பத்துல பிராய்லர் கோழிகள்ல நடந்த ஆய்வுகள்ல, புளிச்ச தீவனம் தின்ன கோழிகள்ல சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமித் தொற்று குறைஞ்சது தெரிஞ்சது. இது முக்கியமான விஷயம். ஆனா எடை கூடுறதுல ஆய்வுகள் ஒரே பக்கம் சாயல. சிலதுல நல்லா வந்தது, சிலதுல உலர் தீவனக் கோழியை விட எடை குறைவாவே நின்னது.

என் பார்வையில புளிக்க வைக்கிறதோட நிஜ வரவு மூட்டையில இல்ல, இறப்பு விகிதத்துல இருக்கலாம். 8 சதவீத இறப்பு 5 ஆக் குறைஞ்சா 15 கோழி கூடுதலா விற்பனைக்கு வரும். 15 கோழி, 21 கிலோ, 4,200 ரூபாய். அதுங்க தின்ன தீவனம் சுமார் 2,350 போக 1,850 மிச்சம். மருந்துச் செலவு குறைஞ்சா அது தனி. அதுக்காக வெள்ளைக் கழிச்சலுக்குப் போடுற தடுப்பூசியை நிறுத்திடாதீங்க. புளிச்ச தண்ணி வைரஸுக்கு வேலி இல்ல. 7-ம் நாள் லசோட்டா, 8-ம் வாரம் ஊசி எல்லாம் கால்நடை மருத்துவர் சொன்னபடி போகணும்.

இப்ப ஒரு நியாயமான எண்ணை எடுப்போம். நல்லாச் செஞ்சா உலர் தீவனத்துல 10 சதவீதம் மிச்சம்னு வைங்க. 206 கிலோ, 7,210 ரூபாய் ஒரு பேட்ச்சுக்கு.

அதுக்கு எதிர்ப்பக்கம் எழுதுவோம். கடைசி வாரங்கள்ல 460 கோழிக்கு ஒரு நாள் 37 கிலோ உலர் தீவனம். புளிச்சதாப் பார்த்தா 92 கிலோ. அதைக் கரைக்கணும், கிளறணும், சுமக்கணும், தொட்டி கழுவணும். தானியப் பங்கை மட்டும் புளிக்க வச்சாலும் 50 கிலோவுக்குக் குறையாது. ஒரு மாசக் குஞ்சிலேருந்து ஆரம்பிச்சா 70 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. மணிக்கு 75 ரூபாய் கூலி போட்டா 5,250. நாலு பிளாஸ்டிக் டிரம் 3,600 ரூபாய், மூணு வருஷம், ஒன்பது பேட்ச் வந்தா பேட்ச்சுக்கு 400. ஆக 5,650 செலவு, 7,210 மிச்சம். நிகரம் 1,560 ரூபாய்.

உங்க சொந்த உழைப்புன்னா கூலியைத் தள்ளிட்டு இப்படிப் பாருங்க: 70 மணி நேரத்துக்கு 6,810 ரூபாய், மணிக்கு 97. ஊர்ல அந்த நேரத்துக்கு வேற வருமானம் இல்லாத ஆளுக்கு இது நல்ல காசு. சாயங்காலம் ஆன்லைன்ல வகுப்பு எடுக்கிறவருக்கு இது நஷ்டம். கூலி ஆள் வச்சுச் செஞ்சா மிச்சம் 8 சதவீதத்துக்குக் கீழ போன அன்னைக்கே கையைக் கடிக்கும்.

செய்யறதா இருந்தா இப்படி

பிளாஸ்டிக் டிரம் எடுங்க, இரும்பு வேண்டாம், அமிலம் அரிக்கும். குளோரின் கலந்த பஞ்சாயத்துத் தண்ணியை ஒரு ராத்திரி திறந்து வச்சிட்டுப் பயன்படுத்துங்க. தானியம் தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும். காத்துப் படுற மேல்பரப்புலதான் பூஞ்சை பிடிக்கும். நம்ம வெயிலுக்கு ரெண்டு நாள் போதும், மார்கழிக் குளிர்ல மூணு நாள். அடுத்த தடவைக்குப் பழைய தண்ணியில கொஞ்சம் விட்டு வைங்க, உறை மோர் மாதிரி அது வேலையைச் சீக்கிரம் முடிக்கும். மோர் வாசம், மாவு வாசம் வந்தா சரி. சாராய வாசம் தூக்கினா நாள் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். அழுகல் வாசமோ, கொழகொழப்போ, பச்சை கருப்புப் பூஞ்சையோ தெரிஞ்சா யோசிக்காமக் குப்பைக்குழிக்கு அனுப்புங்க. "பாதி டிரம் வீணாகுதே"ன்னு போட்டீங்கன்னா அரை டிரம் தீவனத்தைக் காப்பாத்தி அரை பேட்ச் கோழியை விடுவீங்க.

பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளம் மலிவாக் கிடைக்குது, புளிக்க வச்சா சரியாகிடும்னு ஒரு நம்பிக்கை ஓடுது. ஆகாது. அஃப்ளாடாக்சின் நச்சைப் புளிப்பு நம்பகமா அழிக்காது. கோழியோட ஈரல்தான் அழியும்.

இன்னொரு விஷயம், இது பல பேருக்குத் தெரியல. கம்பெனித் தீவனத்தை அப்படியே ஊற வைக்காதீங்க. அதுல லைசின் மாதிரி அமினோ அமிலங்களைத் தனியாச் சேர்த்திருப்பாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் நீங்க காசு குடுக்கிறீங்க. புளிக்க ஆரம்பிக்கிற முதல் சில மணி நேரத்துல, புளிப்பு ஏறுறதுக்கு முன்னாடி, கிருமிகள் அந்த லைசின்ல ஒரு பங்கைத் தின்னுடும். ஐரோப்பாவுல பன்றிகளுக்குத் திரவத் தீவனம் குடுக்கிறவங்க இதை நல்லா அறிவாங்க. அதனால மக்காச்சோளம், கம்பு, குருணை, தவிடு மட்டும் டிரம்முக்குப் போகட்டும். கான்சன்ட்ரேட், தாது உப்பு, விட்டமின் எல்லாம் கொடுக்கிற நேரத்துல கலக்குங்க. முதல் மாசம் குஞ்சுக்கு உலர் ஸ்டார்ட்டர்தான். அங்க சோதனை வேண்டாம்.

ரெண்டு மணி நேரத்துல தின்னு முடிக்கிற அளவு மட்டும் தொட்டியில போடுங்க. மஞ்சி நனைஞ்சா ரத்தக் கழிச்சல் வரும், நீங்க டிரம்முல சம்பாதிச்சது மருந்துக் கடைக்குப் போகும்.

மலிவுப் பொருளும் பத்து நாளும்

"நான் கம்பெனித் தீவனத்தைக் குறைச்சு, 20 சதவீதம் தவிடு, குருணை சேர்த்துப் புளிக்க வைக்கிறேன்"னு நிறையப் பேர் சொல்றாங்க. நல்ல யோசனைதான். கிலோ 35 தீவனத்துல 412 கிலோவை 22 ரூபாய்ப் பொருளா மாத்தினா 5,356 ரூபாய் மிச்சம்.

ஆனா தவிடு கூடினா புரதம் குறையும். புரதம் குறைஞ்சா 100 நாள்ல வர வேண்டிய 1.4 கிலோ 110 நாள்ல வரும். அந்தப் பத்து நாள் 460 கோழி, 80 கிராம் வீதம், 368 கிலோ தின்னும். உங்க மலிவுக் கலவை விலை 32 ரூபாய் 40 பைசான்னு போட்டாலும் 11,923 ரூபாய். 5,356-ஐ மிச்சம் பிடிக்கப் போய் 11,923 செலவு. சோயா புண்ணாக்கோ, கடலைப் புண்ணாக்கோ, தரமான கருவாட்டுத் தூளோ சேர்த்துப் புரதத்தைச் சரிக்கட்டினாத்தான் இந்தக் கலவை நிக்கும். அப்ப கிலோ விலை மறுபடி ஏறும். கிலோ தீவனம் என்ன விலைங்கிறது பாதிக் கேள்விதான். கிலோ கோழிக்கு என்ன தீவனச் செலவுங்கிறதுதான் முழுக் கேள்வி.

தீவனத்துல இவ்வளவு மல்லுக்கட்டுற நம்ம ஆளுங்க விற்கிற மாசத்தை யோசிக்கிறதே இல்ல, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். புரட்டாசியில பாதி வீட்டுல கறி கிடையாது. கார்த்திகை, மார்கழியில சபரிமலைக்கு மாலை போடுறவங்க ஒரு பக்கம். உங்க பேட்ச் புரட்டாசி நடுவுல முதிர்ந்து, 200-க்குப் போக வேண்டியது 170-க்குப் போச்சுன்னா 644 கிலோவுக்கு 19,320 ரூபாய் போச்சு. புளிக்க வச்சு மூணு பேட்ச்ல சம்பாதிச்ச நிகரத்தை ஒரு மாசம் தின்னுடும். விலை ஏறட்டும்னு பிடிச்சு வச்சாலும் தினம் 37 கிலோ தீவனம் இறங்கும். தீபாவளிக்கு விக்கணும்னா தீபாவளித் தேதியிலேருந்து 100 நாள் பின்னாடி எண்ணிக் குஞ்சு இறக்குங்க. இதுக்கு டிரம் வேண்டாம், காலண்டர் போதும்.

உங்க பண்ணையில உங்க எண்

என் 10 சதவீதத்தையும் நம்ப வேண்டாம், வீடியோவோட 50-ஐயும் நம்ப வேண்டாம். ஒரே நாள் பொரிச்ச 100 குஞ்சை ஒரு மாசம் ஒண்ணா வளர்த்து, எடை போட்டு, ஐம்பது ஐம்பதா ரெண்டு தடுப்புல பிரிங்க. ஒண்ணுக்கு உலர், ஒண்ணுக்குப் புளிச்சது. ஒரே பொருள், ஒரே விகிதம். புளிக்கப் போற தீவனத்தைத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி எடை போட்டு நோட்டுல எழுதணும். கொட்டின டிரம்மையும் சேர்த்து எழுதணும், அதுவும் உங்க செலவுதான். 60-வது நாள், 100-வது நாள் ரெண்டு பக்கமும் எல்லாக் கோழியையும் எடை போடுங்க. செத்ததைத் தேதியோட குறிங்க.

தின்ன தீவனம்னா ஆரம்ப இருப்பு கூட்டல் வாங்கினது கழித்தல் கடைசி இருப்பு. கடை ஸ்டாக் எடுக்கிற அதே முறை. அதை ஏறின மொத்த எடையால வகுத்தா உங்க எஃப்.சி.ஆர். ஐம்பது கோழியில சின்ன வித்தியாசம் தற்செயலாவும் வரும், அதனால அடுத்த பேட்ச்ல தடுப்பை மாத்திப் போட்டு இன்னொரு தடவை பாருங்க. இதுக்கு ஆகுறது ஏழு மாசம், சில ஆயிரம் ரூபாய். 6 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்த ஏழு மாசம் ரொம்ப மலிவு. பெருந்துறைப் பக்கம் 2012-ல ஈமு கோழியில பணம் போட்டு நின்னவங்ககிட்ட யாரும் இப்படி ஒரு நோட்டைக் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்த லோனுக்கு வருவோம். 10 சதவீத மிச்சம் வந்து, உழைப்பு முழுக்க உங்களோடதுன்னா பேட்ச் லாபம் 31,510. மூணு பேட்ச் 94,530. தவணை 1,60,164. வருஷத்துக்கு 65,634 ரூபாய் சம்பளத்திலேருந்து எடுத்துக் கட்டணும். வேலையை விட்டுட்டு வந்தா அது எங்கேருந்து வரும்? அதனால என் பதில்: 500 கோழிக்கு 6 லட்சம் ஷெட் கட்டாதீங்க. இருக்கிற மாட்டுக் கொட்டகையையோ, தோப்பு ஓரத்தையோ வலை கட்டி 100 கோழியில தொடங்குங்க.

நடைமுறை மூலதனம் வேணும்னா பர்சனல் லோனுக்கு ஓடுறதுக்கு முன்னாடி உங்க வங்கியில கிசான் கிரெடிட் கார்டு கேளுங்க. 2018-19 பட்ஜெட்டுக்குப் பிறகு அது கால்நடை, கோழி வளர்ப்புக்கும் உண்டு. 2 லட்சம் வரைக்கும் வட்டி மானியம் இருக்கு, கெடு தவறாமக் கட்டினா வட்டி 4 சதவீத அளவுக்கு இறங்கும். குஞ்சும் தீவனமும் வாங்கத்தான் அது, ஷெட் கட்ட இல்ல.

வரியில ஒரு பெரிய தப்பபிப்பிராயம் இருக்கு. "கோழி வளர்ப்பு விவசாயம்தானே, வரி கிடையாதே!" வருமான வரியில கோழிப் பண்ணை வருமானம் விவசாய வருமானம் இல்ல, அது தொழில் வருமானம். சம்பளக்காரர் பண்ணை வச்சா ரெண்டையும் கூட்டித்தான் வரி. சின்னப் பண்ணைக்கு உத்தேச வருமான முறை வசதி. விற்பனையில 8 சதவீதம், வங்கி வழியா வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டலாம். நம்ம உதாரணத்துல வருஷ விற்பனை 3,86,400, அதுல 8 சதவீதம் 30,912. உயிர்க்கோழிக்கும் கோழித் தீவனத்துக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. கேட்க நல்லா இருக்கு, ஆனா டிரம்முக்கும் வலைக்கும் நீங்க கட்டின ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அது உங்க செலவுலதான் உட்காரும்.

ஏற்கெனவே புளிச்ச தீவனம் போடுறவங்க இருந்தா மூணே மூணு எண்ணைக் கமெண்ட்ல போடுங்க: தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி தீவன எடை, விற்ற மொத்த எடை, எத்தனை நாள். ஊர்ப் பேரும் போட்டா நல்லது. போதுமான அளவு வந்ததும் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல ஏத்தி அடுத்த வீடியோவுல காட்டுறேன்.